கடலோர ஊரில் மொறுமொறு காரசார டோஃபு: ஓவனில் சுடும் முறை

ஓவனில் சுட்ட டோஃபு மொறுமொறுவென்று வராமல் சவசவவென்று இருந்தால், பெரும்பாலும் மசாலாவில் கோளாறு இருக்காது. தண்ணீர்தான் காரணமாக இருக்கும். டோஃபுவுக்குள் தேங்கிய தண்ணீர், மேல்மாவு இழுத்துக்கொண்ட தண்ணீர், ஓவனுக்குள் வெளியேற வழியில்லாமல் சுற்றும் ஆவி, வெளியே எடுத்த பிறகு காற்றிலிருந்து வந்து ஒட்டும் ஈரம் என்று நான்கு இடத்தில் அது வேலையைக் காட்டும். புதுச்சேரி, கடலூர் பக்கம் பொரித்த அப்பளத்தைத் திறந்து வைத்தால் பந்தி முடிவதற்குள் நமத்துப்போகும். அந்தக் காற்றில் டோஃபு நமக்காமல் நிற்க வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள அளவும் நேரமும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் டோஃபு வாங்குவது. 1968-ல் தொடங்கிய, பல நாட்டினர் சேர்ந்து வாழும் ஆரோவில் பக்கத்திலேயே இருப்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு டோஃபு அபூர்வப் பொருள் இல்லை. பல கடைகளில் 'சோயா பனீர்' என்ற பெயரில் 200 கிராம் பாக்கெட்டாக இருக்கும். கடலூரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் வாங்கி பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் கோடையில் ஐஸ் கட்டியோடு வெப்பம் தாங்கும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த டோஃபு அன்றைக்கு நன்றாக இருப்பதாகத் தெரியும். மறுநாள் கொழகொழவென்று புளித்துவிடும்.

பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் திரும்பி எழ வேண்டும். அமுங்கி அப்படியே நின்றால் அது மென் டோஃபு. சூப்புக்கு ஆகும், இதற்கு ஆகாது. கெட்டி டோஃபுவிலேயே எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் தண்ணீர்தான். மென் டோஃபுவில் இன்னும் அதிகம், எவ்வளவு பிழிந்தாலும் உடையுமே தவிர உலராது. பாக்கெட்டுக்குள் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கி, பாக்கெட் உப்பியிருந்தால் வாங்காதீர்கள். பிரித்த பிறகு மிச்சமானதை டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

பனீர் டிக்காவுக்குச் செய்வது போலவே தயிர், இஞ்சி பூண்டு விழுது, மசாலா எல்லாம் குழைத்து டோஃபுவை ஊறவைப்பவர்கள் நிறையப் பேர். பனீரில் பால் கொழுப்பு இருக்கிறது, கொஞ்சம் பால் சர்க்கரையும் இருக்கிறது. அதனால் தயிரோடு சேர்ந்தும் சிவந்துவிடும். டோஃபுவில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அதன்மேல் தயிரும் சேர்ந்தால் ஓவனில் முதல் இருபது நிமிடம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தண்ணீர் இருக்கும்வரை டோஃபுவின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவந்து மணம் வருவது 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். ஆகவே தயிரை விட்டுவிடுங்கள். தயிர் வேண்டுமென்றால் தொட்டுக்கொள்ளப் பச்சடியாக வைத்துக்கொள்ளலாம்.

இனி அளவு. இது 400 கிராம் டோஃபுவுக்கு, அதாவது இரண்டு பாக்கெட்டுக்கு. மூன்று பேர் சோற்றோடு சாப்பிடலாம். சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தனி மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு முக்கால் தேக்கரண்டி, சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, பூண்டு 6 பல், கார்ன் ஃப்ளார் 2 மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு 1 மேசைக்கரண்டி. ஊறவைக்க 1 லிட்டர் தண்ணீர், கல் உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி. கடைசித் தாளிப்புக்கு நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி, உதிர்த்த தாளிப்பு வடகம் 1 மேசைக்கரண்டி, தனி மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து. எலுமிச்சை அரை மூடி.

மிளகாய்த்தூள் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். நம் வீடுகளில் அரைத்து வைத்திருக்கும் குழம்பு மிளகாய்த்தூளில் மல்லி பாதிக்கு மேல் இருக்கும், சிலர் பருப்பும் சேர்ப்பார்கள். குழம்பில் கொதிக்கும்போது அது மணக்கும். 200 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் மல்லி கருகி மண் கடிப்பது போல நறநறக்கும். தனித்தூள்தான் வேண்டும். தனித்தூளையும் மொத்தமாக மேல்மாவில் கொட்டாமல், ஒரு பங்கை மாவிலும் ஒரு பங்கைத் தாளிப்பிலும் பிரித்துப் போடச் சொல்வது கசப்பைத் தவிர்க்கத்தான்.

டோஃபுவை 2 செ.மீ. கனத்துக்குப் பலகைகளாக வெட்டுங்கள். துண்டாக இப்போது வெட்ட வேண்டாம். அகலப் பாத்திரத்தில் பரப்பி, உப்பு போட்டுத் தளதளவென்று கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். தண்ணீரை எடுக்க வேண்டிய பொருளைத் தண்ணீரில் போடுவதா என்று தோன்றும். சூடு பட்டதும் சோயாப் புரதம் இறுகி, மேற்பரப்பில் உள்ள தண்ணீரை வெளியே தள்ளும். உப்பும் உள்ளே இறங்கும். வெளியே காரம், உள்ளே சப்பென்று இருக்கும் டோஃபுவுக்கு இதுதான் மருந்து. மசாலாவில் எத்தனை மணி நேரம் ஊறப்போட்டாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் அது உள்ளே போகாது.

பிறகு தண்ணீரை வடித்து, இட்லித் துணியிலோ பழைய வேட்டித் துணியிலோ பலகைகளை ஒரே அடுக்காக வைத்து மூடி, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்துவிடுங்கள். 30 நிமிடம். நடுவில் ஒரு முறை துணியை மாற்றினால் நல்லது, ஏனென்றால் நனைந்த துணி அதற்கு மேல் இழுக்காது. அம்மிக் குழவி, ஆட்டுக்கல் குழவி என்று கனமாக வைத்தால் டோஃபு விரிசல் விட்டு நொறுங்கும்; 2 கிலோ போதும். முழுக்கட்டியாக வைத்து அழுத்தினால் ஓரம் மட்டும் காயும், நடுவில் தண்ணீர் அப்படியே நிற்கும். சமையலறைத் தராசு இருந்தால் எடை போட்டுப் பாருங்கள்: 400 கிராம் இருந்தது 350-க்குக் கீழே வந்திருந்தால் சரி. வரவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

இப்போது கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, பலகைகளைக் கையால் 2 முதல் 2.5 செ.மீ. துண்டுகளாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய டோஃபுவின் முகம் வழவழவென்று இருக்கும், மாவு சரியாகப் பிடிக்காது. பிய்த்ததில் மேடும் பள்ளமும் இருக்கும். மாவு அந்தப் பள்ளங்களில் தங்கி, மேடுகள் தனித்தனியாகச் சிவக்கும். பார்வைக்கு ஒரே அளவாக இருக்காது, வாயில் போட்டால் வித்தியாசம் தெரியும். விருந்தாளிகளுக்கு அழகாக வேண்டுமென்றால் சதுரமாக வெட்டி, முள்கரண்டியால் ஒவ்வொரு முகத்தையும் லேசாகக் கீறிவிடலாம்.

பூண்டை அரைத்து விழுதாகப் போடக் கூடாது. விழுதின் துகள்கள்தான் முதலில் கருகும். 6 பல்லையும் நசுக்கி ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து, துணியில் பிழிந்து சாற்றை மட்டும் எடுத்து சோயா சாஸோடு கலந்துகொள்ளுங்கள். இந்தக் கலவையை டோஃபுவில் தெளித்து மெதுவாகப் பிசிறி 5 நிமிடம் விட்டால் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். பாத்திரத்தின் அடியில் ஈரம் நின்றால் டோஃபு போதுமான அளவு பிழியப்படவில்லை என்று அர்த்தம். அந்த ஈரத்தை வடித்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்து ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பிரட்டவும். இரண்டு மாவும் தூள்களும் வேறொரு கிண்ணத்தில் கலந்து வைத்து, மூன்று தடவையாகத் தூவிப் பிரட்டவும். ஒரே தடவையில் கொட்டினால் ஒரு துண்டில் கட்டியாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகும். மாவு பூசிய பிறகு துண்டின் மேல் உலர்ந்த வெள்ளைப் பொடி தெரியவே கூடாது. ஸ்டார்ச் வெந்து ஏடாக மாறத் துளி ஈரம் வேண்டும், அப்புறம்தான் அது காய்ந்து மொறுமொறுக்கும். ஈரமே படாத மாவு சுட்ட பிறகும் பச்சை மாவாகவே வாயில் ஒட்டும். வெள்ளை தெரிந்தால் மீதி அரை மேசைக்கரண்டி எண்ணெயோடு ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்துத் தெளித்துப் பிரட்டுங்கள். வெள்ளை இல்லையென்றால் அந்த எண்ணெயை மட்டும் மேலாக விட்டுக்கொள்ளலாம்.

கார்ன் ஃப்ளார் என்றால் வெள்ளை வெளேரென்று, விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் ஸ்டார்ச். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு. அது ஏடு கட்டாது. அரிசி மாவு எதற்கு என்றால், கார்ன் ஃப்ளார் தரும் மொறுமொறுப்பு மெல்லியது, எடுத்த சூட்டில் பிரமாதமாக இருந்து நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் அடங்கிவிடும். அரிசி மாவு சற்றுக் கடினமான ஓடு கொடுக்கும், அது அதிக நேரம் நிற்கும். அரிசி மாவு மட்டும் போட்டால் முறுக்கு போலக் கடக்முடக் என்று இருக்கும், டோஃபுவின் மென்மைக்குப் பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நான் இரண்டையும் சரிபாதியாகப் போடச் சொல்வேன். வறுத்த இடியாப்ப மாவை விடக் கடையில் கிடைக்கும் பச்சரிசி மாவே மேல்.

ஓவன். நம் வீடுகளில் பெரும்பாலும் ஓடிஜி (OTG) என்ற, மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்தான். மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து, 200 டிகிரியில், சுடப்போகும் தட்டையும் உள்ளேயே வைத்து 15 நிமிடம் சூடேற்றுங்கள். மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் தெருவாக இருந்தால் 20 நிமிடம் விடுங்கள். 230 வோல்ட்டில் வேலை செய்யும் கம்பிக்கு 200 வோல்ட்தான் வந்தால் சூட்டின் அளவு ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். குமிழில் 200 டிகிரி என்று வைத்திருந்தாலும் உள்ளே அந்தச் சூடு வரத் தாமதமாகும். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் குமிழில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓடிஜிகளில் ஒத்துப்போவதில்லை. அதிக வாட் ஓவனுக்கு 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள்.

சூடேறிய தட்டை எடுத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவினால் உடனே பளபளவென்று பரவும். துண்டுகளை வைக்கும்போது சொய்யென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் டோஃபு தட்டில் ஒட்டாது. குளிர்ந்த தட்டில் வைத்தால் மாவு முதலில் பசையாகி ஒட்டிக்கொண்டு, திருப்பும்போது ஓடு தட்டிலும் டோஃபு கையிலுமாகப் பிரிந்து வரும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே 1.5 செ.மீ. இடைவெளி விடுங்கள். 28 லிட்டர் ஓடிஜி தட்டில் இந்த 400 கிராம் சரியாக உட்காரும். 16, 19 லிட்டர் ஓவன் என்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நெருக்கி வைத்தால் ஒரு துண்டின் ஆவியில் அடுத்த துண்டு வேகும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது இட்லி வேகிற கணக்குதான். அலுமினியத் தாள் விரித்தால் ஒட்டும். பேக்கிங் தாள் விரிக்கலாம், ஆனால் சூட்டுத் தட்டின் நேரடித் தொடுதல் போய்விடுவதால் அடிப்பக்கம் சற்று வெளுப்பாகவே இருக்கும்.

நடுத்தட்டில் 15 நிமிடம். அதற்கு முன் கதவைத் திறக்காதீர்கள், துண்டை அசைக்காதீர்கள். 15-வது நிமிடம் திறக்கும்போது ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும். அது போகட்டும் என்று சில நொடி திறந்தே வைத்து, தட்டையான கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். அடிப்பக்கம் செங்கல் நிறத்தில், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்களோடு இருக்கும். திருப்ப வராமல் பிடித்துக்கொண்டால் இன்னும் வேகவில்லை. 3 நிமிடம் மூடிவிட்டுத் திரும்ப முயன்றால் தானாகவே விடும். திருப்பிய பிறகு 10 முதல் 12 நிமிடம். காற்றாடி ஓடும் ஓவனானால் 190 டிகிரி போதும், நேரமும் சில நிமிடம் குறையும். ஏர் ஃபிரையரில் 190 டிகிரியில் 15 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கு. அதில் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போதும்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். காஷ்மீரித் தூள் முதலிலிருந்தே சிவப்பாகக் காட்டி ஏமாற்றும். கரண்டியால் ஒரு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்த ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்க வேண்டும். மெத்தென்று இருந்தால் இன்னும் 4 நிமிடம். சரியாக வந்ததும் சுவிட்சை அணைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி இடைவெளி விட்டு 5 நிமிடம் உள்ளேயே விட்டுவிடுங்கள். கடலோரத்தில் இதை விடவே கூடாது. துண்டுக்குள் இருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கும். அது உலர்ந்த சூட்டில் போய்விட வேண்டும். நேரே எடுத்து ஹாட்பாக்ஸில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் நமத்துவிடும். தட்டில் குவிக்காமல் கம்பி வலை மேல் பரப்பி வையுங்கள், மேலே மின்விசிறி வேண்டாம்.

மேலே சொன்னதிலேயே பல கோளாறுகள் வந்துவிட்டன. இரண்டு பாக்கி. ஒன்று, தோல் போல இழுபடும் டோஃபு. 160, 170 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் இப்படி ஆகும். மேல் சிவப்பதற்குள் உள்ளே இருக்க வேண்டிய ஈரமும் போய்விடுகிறது. சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறையுங்கள். இரண்டு, ஓவனைத் திறந்தாலே வீடு முழுக்கக் கமறி இருமல் வருவது. தட்டில் சிந்திய மிளகாய்த்தூளும் மாவும் கருகுவதால் வரும் நெடி அது. மாவு பிரட்டிய பாத்திரத்தோடு தட்டில் கவிழ்க்காமல், துண்டுகளைக் கையால் எடுத்து உதறி வைத்தால் நெடி பாதிக்கு மேல் குறையும்.

இனி தாளிப்பு. இந்தப் பக்கத்து வீடுகளில் சித்திரை வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைத்த வடகம் ஒரு டப்பாவாவது இருக்கும். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் வடுவான் என்று கொண்டாடும் மசாலா இதன் வழிவந்ததுதான். டோஃபுவுக்கு என்று சுயமாக ஒரு மணம் கிடையாது. வடகத்தின் மணம் அதில் அழகாக ஏறும். ஆனால் வடகத்தை மேல்மாவில் கலந்து ஓவனில் வைத்தால் வெங்காயமும் பூண்டும் கரியாகிவிடும். தாளிப்புக் கரண்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் வடகத்தைப் போட்டு, நடுத்தரத் தீயில் கடுகு வெடித்து வெந்தயம் செம்பழுப்பாகும்வரை விடுங்கள். கறிவேப்பிலை போட்டுச் சலசலப்பு அடங்கியதும் அடுப்பை அணைத்து, பத்து நொடி கழித்து மிளகாய்த்தூளைத் தூவுங்கள். எண்ணெயின் சூட்டிலேயே அது பொரிந்து நிறம் விடும். அடுப்பு எரியும்போது போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கறுத்துவிடும். இதை டோஃபுவில் ஊற்றி இரண்டு புரட்டு, உடனே பரிமாறுங்கள். எண்ணெய் மொறுமொறுப்பைக் கெடுக்காது, தண்ணீர்தான் கெடுக்கும். ஆகையால் எலுமிச்சையை மொத்தமாகப் பிழியாமல் அவரவர் தட்டில் அவரவர் பிழிந்துகொள்ளட்டும். மேலே தூவும் பச்சை வெங்காயமும் அப்படித்தான், தனியாக வையுங்கள்.

ரசம் சோறு, தயிர் சோறு இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். சாம்பாருக்கு அவ்வளவாகச் சேராது என்பது என் கருத்து. சாம்பாரிலும் டோஃபுவிலும் உள்ள காரமும் பருப்புச் சுவையும் மோதிக்கொள்கின்றன. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. பேக்கரியில் அன்று சுட்ட நீள பிரெஞ்சு ரொட்டியை நடுவில் கீறி, கேரட்டையும் முள்ளங்கியையும் மெல்லிய குச்சிகளாக வெட்டி, உப்பு, சர்க்கரை, வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து வைத்து, இந்த டோஃபுவை அடுக்கிச் சாப்பிடலாம். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் வழியாக வியட்நாம் சுவை இந்த ஊர்ச் சமையலில் முன்பே கலந்திருக்கிறது. அந்த வரிசையில் இதுவும் இயல்பாக உட்காரும். ரொட்டிக்கு வைக்கும்போது வடகத் தாளிப்பை விட்டுவிட்டு, பச்சை மிளகாயை வட்டமாக நறுக்கிப் போடுங்கள்.

முன்கூட்டியே செய்து வைக்க நினைப்பவர்கள் டோஃபுவை ஃபிரீசரில் ஒரு நாள் உறையவைத்து எடுத்தால் பிழியும் வேலை பாதியாகும். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும்போது சின்னச் சின்னத் துளைகள் விழும். உருகிய பிறகு உள்ளங்கையில் வைத்து அழுத்தினாலே தண்ணீர் கொட்டும். உள்ளே மெல்லும் பதம் கூடும், இறைச்சி போல மென்று சாப்பிட விரும்புபவர்களுக்கு இது பிடிக்கும். பஞ்சு போன்ற மென்மை வேண்டுபவர்கள் உறையவைக்க வேண்டாம். மாவு பூசி வைத்துவிட்டு அப்புறம் சுடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் மாவு ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். சுட்டது மிஞ்சினால் தாளிப்பு சேர்க்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் 180 டிகிரியில் 7 நிமிடம் சூடேற்றுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர்தான். சூடானதும் புதிதாகத் தாளித்துக் கொட்டிக்கொள்ளலாம்.